எழுதியவர் பெயர்

கொழுந்தன் எழுதும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் எதுவும் முதல் தடவையில் ஓடியதாகச் சரித்திரம் இல்லை. டேட்டாபேஸிலிருந்து விவரத்தை எடுத்துவரச் சொல்லி எழுதியிருப்பான். அடைப்புக்குறி திறந்தபடியே கிடக்கும், இல்லாவிட்டால் கமா இருக்காது. பக்கம் வெள்ளையாக நிற்கும்.

"அண்ணி, பேஜ் செத்துப்போச்சு!"

"நீ கைவெச்சா அது எப்படிப்பா உயிரோட இருக்கும்?"

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். எர்ரர் காட்டும் வரியை விட்டுவிட்டு அதற்கு முந்தின வரியைப் பார்ப்பாள். தப்பு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கல்யாணத்துக்கு முன்பு பார்த்த வேலை, கை மறக்கவில்லை. போகப்போக முழுப் பக்கங்களையே அவள்தான் எழுதினாள். பழைய கோப்பு ஒன்றை நகலெடுத்து, வேண்டியதை மாற்றிக்கொள்வது வழக்கம். உச்சியில் 'எழுதியவர்' என்று கொழுந்தன் பெயர் இருக்கும். அதுவும் கூடவே வந்துவிடும். வீட்டுக்குள்தானே, யார் பெயர் இருந்தால் என்ன என்று விட்டுவிட்டாள்.

சின்ன மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் தனக்கென்று ஒரு வேலை வேண்டும் என்று ஆசை வந்தது. ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். எழுதியதையெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"எல்லாத்துலயும் வேற ஒருத்தர் பேரு இருக்கே?" என்றார் மேனேஜர்.

"என் கொழுந்தன் சார். எழுதினது நான்தான்."

"அவரையே ஒரு வார்த்தை கேட்டுடலாமே."

நம்பரை வாங்கி, அவள் எதிரிலேயே போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணியா? டைப் அடிச்சுக் குடுப்பாங்க சார். தப்புகிப்பு இருந்தா பாத்துச் சொல்லுவாங்க."

பொய் சொல்கிற குரல் இல்லை அது. அவன் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான். அதுதான் அவளைத் தைத்தது.

மாதம் திரும்புவதற்குள் அந்த வேலைக்கு அவனையே எடுத்துக்கொண்டார்கள். "எல்லாம் உங்க ராசி அண்ணி" என்று இனிப்பு வாங்கி வந்தான். அவள் தொடவில்லை. அவன் ஸ்கிரிப்டையும் அதன்பிறகு தொடவில்லை. ஆபீஸிலிருந்து அவன் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. அவன் அண்ணனைப் பிடித்தான்.

"புது இடம், மானம் போயிடும்னு அழாத குறையா சொல்றான்" என்றான் அவள் கணவன். "உனக்கு அஞ்சு நிமிஷ வேலைதானே?"

"அந்த வேலைக்குத்தாங்க நான் போய் நின்னேன்."

"இப்ப அதையெல்லாம் கிளறணுமா? வர்றது நம்ம வீட்டுக்கு வர்ற சம்பளம்தானே."

அவள் கம்ப்யூட்டரில் அவன் அனுப்பியிருந்த ஸ்கிரிப்டைத் திறந்தாள். அவன் மூடாமல் விட்ட அடைப்புக்குறியை மூடினாள். பக்கம் ஓடியது.

கொஞ்ச நேரத்தில் கணவனின் போன் அடித்தது. "ரொம்ப தேங்க்ஸ்ண்ணா" என்று கொழுந்தன் சொன்னது அவளுக்கும் கேட்டது.