வீட்டுக்கு ஒரு பலகாரம்

போடிமெட்டைத் தாண்டி இருந்த எங்கள் தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் கொட்டகைக்கு அவர்தான் ஆயா. குட்டை உருவம், எப்போதும் ஆண்கள் போடும் கம்பளிக் கோட்டு. காலையில் பிள்ளையைக் கையில் வாங்கியதுமே சட்டையைத் தூக்கிப் பார்ப்பார். என் மகன் இடுப்பில் வெள்ளி அரைஞாண் கிடந்தது. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவேயில்லை.

எழுபத்து நாலாம் வருடமோ ஐந்தோ, தீபாவளிக்கு முந்திய வாரம், நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் வீடு வீடாக வந்தார்.

"இந்தத் தடவ வீட்டுக்கு ஒரு பலகாரம் போதும் தாயி. நீ முறுக்கு சுடு, பக்கத்து வீட்டுல அதிரசம் சுடட்டும். மாத்திக்கிடுங்க."

"நீங்க என்ன சுடுவீக?"

"நான் ஒண்ணும் சுடப்போறதில்ல."

உட்கார்ந்த இடத்திலேயே பத்து வீட்டுப் பலகாரம் சேர்க்கப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

"இதுல உங்களுக்கு என்ன ஆதாயம்?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "நாள் பூரா கொழுந்து பறிச்சிட்டு வந்து எண்ணெய்ச் சட்டி முன்னால நிக்கீங்க. அந்த எரிச்சல் யாரு மேல எறங்குது? தீவாளி முடிஞ்சு வார பிள்ளைக முதுகுல இருக்க தடம், வருசத்துல வேற எந்த நாளும் இருக்காது தாயி."

போன தீபாவளிக்கு, பிசைந்த மாவில் கை வைத்தான் என்று மகனைக் கரண்டிக் காம்பால் அடித்திருந்தேன்.

அந்த வருடம் முறுக்கு மட்டும் சுட்டேன். தீபாவளிக்கு மறுநாள் காலை ஆயா அவன் சட்டையைத் தூக்கியபோது, முதல் முறையாக நானும் அரைஞாணை விட்டுவிட்டு முதுகைப் பார்த்தேன்.