வாசல்ல கிடக்கிற ஆம்பளைச் செருப்பு

ஆளைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அவர் வீட்டு வாசல்ல கிடக்கிற செருப்பைப் பார்க்கிற தொழில் என்னோடது. ஒரு கம்பெனி புதுசா ஆள் எடுத்தா, அந்த ஆள் சொன்ன அட்ரஸ் நிஜமா, சொன்ன குடும்பம் நிஜமான்னு பார்த்துட்டு வர வெரிஃபிகேஷன் ஆளை அனுப்பும். அந்த ஆள் நான்தான். திருச்சி, ஸ்ரீரங்கம், சுத்துப்பட்டு எல்லாம் என் ஸ்கூட்டி போகும். சம்பந்தப்பட்டவரைக் கேட்கிறது சும்மா பேருக்கு. எதிர் வீட்டுல கேட்கணும், இஸ்திரி வண்டியில கேட்கணும், அப்பத்தான் விஷயம் வரும். ஊரையே சந்தேகப்பட்டுச் சோறு திங்கிற பொழைப்பு. வேலை மாறினவங்க, மாத்தப்பட்டவங்க, "நாளையிலேர்ந்து வர வேணாம்"னு கேட்டுட்டு வீட்டுக்கு நடந்தவங்க எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க. உங்களுக்குத்தான் இது புரியும்.

இப்ப எனக்கே சோதனை வந்திருக்கு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில ஆபீஸ் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டு, இன்டர்வியூவும் தேறிட்டேன். நிரந்தர வேலை. வெயில்ல அலைய வேணாம், பொண்ணை நிம்மதியாக் காலேஜ்ல சேர்க்கலாம். வெரிஃபிகேஷன் முடிஞ்சா ஆர்டர் குடுத்துடுவாங்க. அதாவது, உறையூர்ல என் தெருவுக்கே ஒருத்தர் வந்து என்னைப் பத்தி விசாரிக்கப் போறார். எங்க கம்பெனி ஆள் இல்ல, வேற கம்பெனி.

அங்கதான் இடிக்குது. என் வீட்டுக்காரர் "எனக்கு இது ஒத்துவரல"ன்னு சொல்லிட்டுப் போய், இப்ப கோயம்புத்தூர்ல வேற ஒருத்தியோட இருக்கார். பல வருஷம் முன்னாடி, அவர் கிளம்பின அந்த வாரமே பால்காரர் "சார் எங்கம்மா காணோம்?"னு கேட்டப்ப, என் வாய் அதுபாட்டுக்கு "மஸ்கட் போயிருக்கார்"னு சொல்லிடுச்சு. வெட்கம், வேற என்ன. மஸ்கட் எந்தப் பக்கம்னு அப்புறம்தான் மேப்புல பார்த்தேன். அவர் விட்டுட்டுப் போன தோல் செருப்பை வாசல்லயே போட்டு வச்சேன், வீட்டுல ஆம்பளை உண்டுன்னு நாலு பேர் நினைக்கட்டும்னு. ஆஸ்பத்திரியில மட்டும் உள்ளதைச் சொன்னேன்: புருஷனைப் பிரிஞ்சிருக்கேன், நானும் பொண்ணும்தான். தொழில் தெரிஞ்சவ அங்க போய் பொய் சொல்வாளா?

இப்ப தெரு ஒண்ணு சொல்லும், நான் ஒண்ணு சொல்லியிருப்பேன். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா ரிப்போர்ட்டுல "மிஸ்மேட்ச்"னு போடுவோம். அந்த ஒரு வார்த்தை விழுந்துட்டா எது நிஜம்னு யாரும் கூப்பிட்டுக் கேட்கமாட்டாங்க, அடுத்த ஆளைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. நானே எத்தனை பேருக்குப் போட்டிருக்கேன்! அதனால, வரப்போறவரை எதிர்பார்த்து ஜன்னல் பக்கமே உட்கார்ந்துக்கிட்டு, எனக்கு இந்தச் சந்தேக புத்தி எங்கேர்ந்து வந்துச்சுன்னு யோசிச்சுப் பார்த்தேன்.

கணக்கு மிஸ்

முதல்ல நான் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். ஆறாம் வகுப்புல ஒரு பொண்ணோட ஹோம்வொர்க் மட்டும் அச்சடிச்ச மாதிரி இருக்கும். போர்டுக்குக் கூப்பிட்டா சாக்பீஸைக் கையில வச்சுக்கிட்டு விட்டத்தைப் பார்க்கும். எனக்குச் சந்தேகம் வந்து அம்மாவை வரச் சொன்னேன். வந்தாங்க. மறைக்கவே இல்ல.

"ஆமா மிஸ், நான்தான் எழுதுறேன். அவ எழுதினாத் தப்பா வருது, நீங்க திட்டுறீங்க, அவ வீட்டுக்கு வந்து அழறா. நான் எழுதினா மூணு பேருக்கும் நிம்மதி."

சேலை செக்‌ஷன்

கொரோனா வந்துச்சு, ஸ்கூலை இழுத்து மூடிட்டாங்க. கணக்கு மிஸ் என்.எஸ்.பி. ரோட்டுல ஒரு ஜவுளிக் கடைக்குச் சேலை விரிக்கப் போனா. முதல் மாசம் கால் வீங்கி, பாத்ரூம்ல உட்கார்ந்து அழுதேன். படிச்ச படிப்பென்ன, இப்ப பண்ற வேலை என்னன்னு. அப்புறம் அழ நேரமில்ல. அங்க வேற மாதிரி சந்தேகம் பழகணும். வாங்க வந்தவங்க யாரு, ஏசிக்கு வந்தவங்க யாருன்னு படியேறும்போதே கண்டுபிடிக்கணும். முந்தானையைத் தடவிப் பார்த்தா வாங்குவாங்க. "இதுல மயில் கழுத்து கலர் இருக்கா?"ன்னு எடுத்த எடுப்புல கேட்டா வாங்க மாட்டாங்க.

ஒரு செவ்வாய்க்கிழமை ரெண்டு பொண்ணுங்க நல்லா உடுத்திக்கிட்டு வந்தாங்க. "அதை எடுங்க, இதை விரிங்க, அந்த மேல் தட்டுல இருக்கிற வாடாமல்லி"ன்னு என்னை ஏணியில ஏத்தி இறக்கி, எனக்கு முன்னால ஒரு மலையே குவிஞ்சு போச்சு. ஒண்ணையும் எடுக்கல. சிரிச்சுச் சிரிச்சு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கிறாங்க. வேற கடையிலேர்ந்து உளவு பார்க்க வந்த கூட்டம்னு எனக்கு உறுதியாயிடுச்சு. "எந்தக் கடை நீங்க?"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டேன். பெரியவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

"கோவிச்சுக்காதீங்கக்கா, நாங்களும் சேலை செக்‌ஷன்தான், பக்கத்துத் தெருக் கடை. வாரம் பூரா நாங்க விரிச்சுப் போடுறோமே, லீவு அன்னிக்கு ஒருதடவையாவது நமக்கு யாராவது விரிச்சுப் போடட்டுமேன்னு வந்தோம்."

மாமியின் சர்டிபிகேட்

கடையில ஆள் குறைச்சாங்க. அந்த லிஸ்டுல என் பேர் முதல்ல. கையில ஸ்கூட்டி இருந்ததால இந்த வெரிஃபிகேஷன் வேலை கிடைச்சுது. முதல் வாரமே ஸ்ரீரங்கத்துல சித்திரை வீதி. ராகவன்னு ஒரு பையன், சென்னையில சேர்ந்திருக்கான். பக்கத்து வீட்டு மாமி கோலம் போட்டு முடிச்சு நிமிர்ந்தாங்க. "மாமி, பக்கத்தாத்துப் பையன் எப்படி?"ன்னு கேட்டதுதான் தாமதம், மாமி முகம் மலர்ந்து போச்சு.

"ராகவனா! பெருமாளைச் சேவிக்காம பல்லுல தீர்த்தம் படாது அவனுக்கு. கோபமே வராது. அப்பா அம்மா கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டான்"னு அடுக்கினாங்க. உள்ள கூப்பிட்டு காபி குடுத்தாங்க. நான் மளமளன்னு குறிச்சுக்கிட்டேன். டம்ளரைக் கீழ வைக்கிறப்ப, "பொண்ணு என்ன நட்சத்திரம்?"னு கேட்டாங்க பாருங்க! நான் கல்யாணத்துக்கு விசாரிக்க வரல மாமி, அவர் வேலைக்காக வந்தேன்னு சொன்னேன். மாமி அப்படியே சுவத்துல சாய்ஞ்சுட்டாங்க.

"இதை முன்னாடியே சொல்லப்படாதோ? கல்யாணத்துக்குன்னு நெனச்சுண்டு நல்லவன்னு சொல்லிட்டேன். உத்தியோகத்துக்குன்னா நிஜத்தைச் சொல்லியிருப்பேனே!"

காப்பாத்துறவர்

அன்னியிலேர்ந்து எதுக்கு வந்தேன்னு முதல்ல சொல்லிடறது வழக்கம். ஆனா சொன்னாலும் நம்பணுமே? துவாக்குடியில ஒரு பட்டறைப் பையன் தங்கியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன். வீட்டு ஓனர் வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கிறார். பேரைச் சொன்னதும், "அப்படி யாரும் இங்க இல்லம்மா"ன்னார். "வேலை விஷயங்க, பயப்படாதீங்க"ன்னேன். "கடன் வசூலுக்கு வர்றவங்களும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு வருவாங்க. இல்லைன்னா இல்ல, கிளம்புங்க"ன்னார்.

அவருக்குப் பின்னால ஒரு பையன் வாய் நிறைய பேஸ்ட்டோட நின்னு, கையைக் கையை ஆட்டுறான். போட்டோவும் கையில இருக்கு, அதே மூஞ்சி. "அண்ணே, அது நான்தாண்ணே"ன்னு நுரையோட கத்தினான். ஓனர் திரும்பிக்கூடப் பார்க்கல.

"நீ பேசாம இருடா, உன்னைக் காப்பாத்திக்கிட்டிருக்கேன்!"

பாறை மேல சிக்னல்

எனக்குக் காய்ச்சல் வந்தாப்பல ஆனது பச்சைமலையிலதான். நர்ஸா சேர்ந்த ஒரு பொண்ணோட வீடு மலை மேல. துறையூர் போய் பஸ் மாறி ஏறினா, திரும்புற பஸ் சாயங்காலம்தான். நான் விசாரிக்கப் போனவ. அங்க என்னடான்னா நாலு வீட்டுப் பொம்பளைங்க சுத்தி உட்கார்ந்து என்னை விசாரிக்கிறாங்க. எந்த ஊரு, எத்தனை புள்ளைங்க, வீட்டுக்காரர் என்ன பண்றார்? பழக்க தோஷம், "மஸ்கட்டுல இருக்கார்"னேன்.

அந்தப் பொண்ணோட அம்மா அவிச்ச மரவள்ளிக்கிழங்கைத் தட்டுல வச்சு, பச்சைமிளகாய்த் துவையலும் வச்சாங்க. சாப்பிட்டு, பேசி, மர நிழல்ல ஒரு தூக்கமும் போட்டேன். சொல்லப்போனா ரொம்ப நாளைக்கப்புறம் வந்த நல்ல தூக்கம். பஸ் ஏத்திவிட வந்தப்ப அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. குரலைத் தாழ்த்தி, வேற யாருக்கும் கேட்காமச் சொன்னாங்க.

"இங்க வர்ற வெளியூர்க்காரங்க எல்லாரும் வீட்டுக்குப் பேச சிக்னல் தேடிக்கிட்டு அந்தப் பாறை மேல ஏறுவாங்க. புருஷன் அக்கரையில இருக்கார்ங்கிறீங்க, போனை எடுத்துக்கூடப் பார்க்கலையே கண்ணு, ஏன்?"

எதிர் வீடு

மலையில ஒருத்தி அரைநாள்ல கண்டுபிடிச்சா. எதிர் வீட்டு பாக்கியம் அக்காவுக்கு எத்தனையோ வருஷம் இருந்திருக்கு. அந்தக் கவலைதான் என்னை அரிச்சுக்கிட்டிருந்தது. பாக்கியம் அக்கா வாசப்படியில உட்கார்ந்து கீரை ஆய்வாங்க, கண்ணு மட்டும் தெருவுல இருக்கும். ஞாயித்துக்கிழமை ஆனா, "தம்பி போன் பண்ணுச்சா?"ன்னு ஒரு கேள்வி. வாயைக் கிளறப் பார்க்கிறாங்கன்னு நானும் "ம், பேசினார்"னு கதவைச் சாத்திடுவேன். அவங்க மேல எனக்கு வேற சந்தேகமும் உண்டு. மழை பெய்யறப்பல்லாம் வாசல்ல கிடக்கிற அந்த ஆம்பளைச் செருப்பு தானா நகர்ந்து ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில போயிருக்கும். என் பொண்ணைக் கேட்டா நான் தொடவே இல்லைங்கிறா. யாரோ வந்து வேவு பார்த்துட்டுப் போறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

இன்டர்வியூ முடிஞ்சதும் அவங்ககிட்ட உள்ளதைச் சொல்லிடலாம்னு ஒருநாள் போனேன். உறை மோர் வேணும்னு ஆரம்பிச்சேன். மோரை வாங்கிக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். மறுநாளும் போனேன், மறுபடியும் மோர்தான். வீட்டுல உறை ஊத்தப் பால் இல்லாம போனதுதான் மிச்சம். அத்தனை வருஷப் பொய்யை எந்த முனையிலேர்ந்து பிரிக்கிறது, சொல்லுங்க?

ஆள் வந்துட்டார். பைக்கை ஓரமா நிறுத்தினார், கழுத்துல அடையாள அட்டை. முதல்ல என் வாசலைத்தான் பார்த்தார். அந்தச் செருப்பைக் குனிஞ்சே பார்த்தார். தொழில்காரன்! அப்புறம் நேரா எதிர் வீட்டுக்குப் போனார். நான் ஜன்னல் கதவை ஒரு விரல் அளவு திறந்து வச்சுக்கிட்டு நிக்கிறேன். பாக்கியம் அக்கா மஸ்கட்டுன்னு சொன்னா வேலை போச்சு. என்னைக் காப்பாத்துறதா நினைச்சு "அப்படி யாரும் இல்ல"ன்னு சொன்னாலும் போச்சு.

"எதிர் வீட்டுல யார் யார்மா இருக்காங்க?"ன்னு கேட்டார்.

பாக்கியம் அக்கா கீரையை முறத்துல போட்டாங்க. "எதுக்குக் கேட்கறீங்க?"ன்னாங்க.

"வேலைக்கு அப்ளிகேஷன் போட்டிருக்காங்க. அவங்க சொன்னது சரியான்னு பார்க்கணும்."

"அவ என்ன சொல்லியிருக்கா?"

"அதை நான் சொல்லக் கூடாதும்மா. நீங்கதான் சொல்லணும். வாசல்ல ஆம்பளைச் செருப்பு கிடக்குதே, வீட்டுக்காரர் இருக்காரா?"

அக்கா என் ஜன்னலை ஒரு பார்வை பார்த்தாங்க. நான் நிக்கிறது தெரியும்போல. குரலை வேணும்னே உயர்த்தித்தான் பேசினாங்க.

"அந்தச் செருப்பைப் பார்த்து ஏமாந்துடாதீங்க தம்பி, மழை வந்தா அதை எடுத்து ஓரமா வைக்கிறதே நான்தான். அந்த ஆளு விட்டுட்டுப் போனது தெரு முழுக்கத் தெரியும், நாங்க தெரியாத மாதிரி இருக்கோம். அவளும் பொண்ணும்தான் இருக்காங்க, அவ உழைச்சுத்தான் சாப்பிடுறாங்க, நல்லா எழுதிக்குங்க!"

ஆர்டர் வந்துடுச்சு, அடுத்த வாரம் சேரப் போறேன்; ஆனா அந்தச் செருப்பை மட்டும் இன்னும் எடுக்கல, ஏன்னா அடுத்த மழைக்கு பாக்கியம் அக்காதான் நிஜமா வந்து எடுத்து வைக்கிறாங்களான்னு ஒருதடவை ஜன்னல் வழியா வெரிஃபை பண்ணிட்டுத்தான் எடுக்கணும்னு இருக்கேன்.