ஒரே மாவு, இரண்டு ரிப்பன்

லியோட்டா ஹார்ம்ஸ் இருபத்திரண்டு வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டினாள். பெற்றவர்கள் சொல்லுக்கு அடங்காத பிள்ளைகள் எல்லாம் கண்ணாடியில் அவள் ஒரு பார்வை பார்த்தால் கப்சிப். அப்பேர்ப்பட்டவள் வருஷத்தில் ஒரே ஒரு நாள் நகம் கடித்துக்கொண்டு நிற்பாள். அது ஆகஸ்டு மாத முதல் புதன்கிழமை. மாவட்டப் பொருட்காட்சியில் பை போட்டி நடக்கிற நாள்.

நான் நெப்ராஸ்காவுக்கு வந்த புதிதில், "பக்கத்து வீட்டு லியோட்டா ஒரு பை கொடுத்தாள், ரொம்ப ருசி" என்று ஊருக்குக் கடிதம் போட்டேன். "பையைத் தின்கிற அளவுக்கா அங்கே பஞ்சம்?" என்று அம்மா பதறிப்போய்ப் பதில் எழுதினாள். தட்டில் மாவை விரித்து, உள்ளே பழப் பூரணம் நிரப்பி, மேலேயும் மாவால் போர்த்திச் சுடுவதுதான் பை என்று இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

லியோட்டாவுடையது புளிப்புச் செர்ரிப் பை. அதற்கு ஒன்பது வருஷமாக இரண்டாம் பரிசு. முதல் பரிசுக்கு நீல ரிப்பன், இரண்டாம் பரிசுக்குச் சிவப்பு ரிப்பன். ஒன்பது சிவப்பு ரிப்பன்களும் அவள் ஃப்ரிட்ஜ் கதவில் வரிசையாகத் தொங்கும். கசாப்புக் கடை மாதிரி இருக்கும்.

நடுவர் மிஸ் ஆப்பர்மன் பக்கத்து மாவட்டத்துக்காரர், ஓய்வுபெற்ற மனையியல் டீச்சர். துண்டை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பாகத்தைக் கத்தியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். பெயர்ச் சீட்டு மடித்து ஒட்டியிருக்கும் என்பதால் எது யாருடையது என்று அவருக்குத் தெரியக் கூடாது.

"தெரியக் கூடாதாம்! என் ஓரத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடறா அந்தம்மா," என்றாள் லியோட்டா. உழுத வயல் மாதிரி முள்கரண்டியால் வரிவரியாக ஓரத்தை அழுத்தி மூடுவது அவள் வழக்கம். "இந்த வருஷம் சோதிச்சே பார்த்துடறேன். நாளைக்குக் காலைல வீட்டுக்கு வா. நீதான் சாட்சி."

பொருட்காட்சியில் பெயர்ச் சீட்டு எழுதும் மேஜையில் உட்கார்வது நான். எனக்கு இந்தச் சாட்சி உத்தியோகம் ஆகாது. ஆனாலும் போனேன்.

சமையலறையில் இரண்டு பைகள் தயாராக இருந்தன. ஒரே மாவு, ஒரே பன்றிக்கொழுப்பு, ஒரே பாத்திரத்துப் பூரணம். ஒன்றின் ஓரத்தில் முள்கரண்டி வரி. இன்னொன்று ஓரம் மூடாமல் கிடந்தது.

"வில்மர்! இங்க வா. கையைக் கழுவு. சோப்பு போட்டு."

அவள் வீட்டுக்காரர் வில்மர் பன்றி வளர்ப்பவர். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார்.

"எதுக்கு? யாராவது செத்துட்டாங்களா?"

"கட்டைவிரலால இந்த ஓரத்தைச் சுத்தி அமுக்கு."

வெண்டைக்காய்க்கு அண்ணன் மாதிரியான அந்த விரலால் அவர் சுற்றிலும் அமுக்கினார்.

"ஆச்சா? இப்ப அடுப்புல நீயே வை. உன் பேர்ல போட்டிக்குக் குடுக்கப் போறேன்."

"நான் எங்கடி சுட்டேன்?"

"விதிப் புத்தகத்துல 'போட்டியாளரே சுட்டிருக்க வேண்டும்'னுதான் இருக்கு. பிசையணும்னு எங்க இருக்கு? அடுப்புல வச்சது யாரு?"

வில்மர் அடுப்பின் கதவைச் சாத்தினார். "நீ வக்கீல் வீட்டுல பொறந்திருக்க வேண்டியவ," என்று சொல்லிவிட்டுப் பன்றிகளைப் பார்க்கப் போனார். நான் என் மேஜைக்குப் போய் இரண்டு சீட்டு எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்குக் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

பத்தொன்பது பைகள். பொருட்காட்சிக் கொட்டகைக்குள் ஒரே புழுக்கம். மிஸ் ஆப்பர்மன் ஒவ்வொன்றையும் கவிழ்த்து, தட்டி, தின்று, அட்டையில் இரண்டு வரி எழுதி, கடைசியில் பரிசு அட்டைகளை வாசித்தார்.

"இரண்டாம் பரிசு. பூரணத்தில் தித்திப்பு சற்று அதிகம். மேலோட்டில் மென்மை போதாது." சீட்டைப் பிரித்தார். "மிஸஸ் லியோட்டா ஹார்ம்ஸ்."

லியோட்டா என் தொடையைக் கிள்ளினாள்.

"முதல் பரிசு. இனிப்பும் புளிப்பும் கச்சிதம். மேலோடு வாயில் கரைகிறது. பழக்கப்பட்ட கை." சீட்டைப் பிரித்தவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "மிஸ்டர் வில்மர் ஹார்ம்ஸ்."

முந்தின ஆறு வருஷம் நீல ரிப்பன் வாங்கியிருந்த ஆர்வில்லா, நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் போனாள்.

லியோட்டா எழுந்தாள். 'இரண்டும் ஒரே மாவு, பார்த்தீர்களா உங்கள் நடுவரின் லட்சணத்தை' என்று ஆரம்பிக்கும் பேச்சு அவளிடம் தயாராக இருந்தது. எனக்கு இரண்டு தடவை ஒப்பித்தும் காட்டியிருந்தாள். அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, பன்றிக் கொட்டகையிலிருந்து வில்மர் வந்துவிட்டார். பூட்ஸில் வைக்கோல். முப்பது வருஷமாகப் பன்றிப் போட்டிக்குப் பன்றிகளைக் கொண்டு வந்தும் ஒரு ரிப்பன் பார்க்காத மனுஷன். நீல ரிப்பனைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, நெஞ்சில் குத்திக்கொண்டார்.

லியோட்டா உட்கார்ந்துவிட்டாள்.

"பேசேன்," என்றேன் மெதுவாக.

"எங்கேருந்து பேசறது? அந்த மூஞ்சியைப் பாரு. கன்னுக்குட்டி மொத மொதல்ல பால் குடிச்ச மாதிரி இருக்கு."

மிஸ் ஆப்பர்மன் இன்னும் முடிக்கவில்லை. "இந்தப் போட்டியில் ஓர் ஆண் ஜெயிப்பது இதுதான் முதல் தடவை. அதனால் சனிக்கிழமை இரண்டு மணிக்கு மிஸ்டர் ஹார்ம்ஸ் மேடையில் எல்லோர் முன்னாலும் ஒரு பை செய்து காட்டுவார். மாவு பிசைவதிலிருந்து."

வில்மர் மனைவியைப் பார்த்தார். மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

"போய் உண்மையைச் சொல்லிடு," என்றாள் வீட்டுக்குப் போனதும்.

"நான் ஏன் சொல்லணும்? நான்தான் சுட்டேன்னு நீதான சொன்ன?"

அடுத்த இரண்டு நாளும் அந்தச் சமையலறை இருந்த இருப்பைச் சொல்லி மாளாது. வில்மர் ஐந்து தடவை மாவு பிசைந்தார். ஐந்தும் பன்றிகளுக்குப் போயின. முதல் உருண்டையைத் தின்பதற்குப் பன்றிகளே ஒரு நிமிஷம் யோசித்தனவாம். ஆனால் தீவனக் கடையில் அவர் பேச்சைக் கேட்க வேண்டுமே! "மாவைக் கொஞ்சவும் கூடாது, திட்டவும் கூடாது," என்று நாலு பேருக்கு உபதேசம். வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது லியோட்டாவிடமே ஆரம்பித்தார். "லியோ, உன் மேலோட்டுல மென்மை போதலைன்னு எழுதியிருந்தாங்களே, நான் என்ன நினைக்கிறேன்னா..." பறந்து வந்த கைத்துணி அவர் காப்பியில் விழுந்தது.

சனிக்கிழமை டிராக்டர் பந்தயத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் இல்லை. லியோட்டா முதல் வரிசையில் உட்கார்ந்தாள், பக்கத்தில் நான். வில்மர் மனைவியின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மேடையேறினார். அது அவர் வயிற்றைப் பாதிதான் மறைத்தது.

"மொதல்ல கையைக் கழுவணும்," என்றார். "சோப்பு போட்டு."

கூட்டம் சிரித்தது. அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. கொழுப்பை மாவில் உதிர்ப்பதைப் பன்றிக்குட்டியைக் குளிப்பாட்டுவதோடு ஒப்பிட்டுப் பேசிக்கொண்டே போனார். லியோட்டா முன்பின் தெரியாதவள் மாதிரி கையைத் தூக்கினாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். தண்ணி எவ்வளவு ஜில்லுன்னு இருக்கணும்?"

"என் மாமியார் பார்வை அளவுக்கு இருக்கணும் அம்மா."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. லியோட்டா விடவில்லை.

"இதையெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

வில்மர் கையிலிருந்த மாவைப் பார்த்தார். "எங்க வீட்டுல ஒரு பொம்பளை இருக்கா. எல்லாத்தையும் அவ பண்ணுவா. நான் கடைசியா கட்டைவிரலை மட்டும் வைப்பேன்," என்றார். ஊர் அதையும் ஜோக்காகத்தான் எடுத்துக்கொண்டது.

விரித்த மாவைத் தூக்கும்போது நடுவில் கிழிந்தது. டயர் டியூபுக்கு ஒட்டுப் போடுவது போல ஒரு துண்டை ஒட்டினார். பை வேகும் வரைக்கும் பன்றிக் கதை சொல்லிச் சமாளித்தார். வெளியே எடுத்து முதல் துண்டு வெட்டியதும் ஒட்டு பிரிந்து, செர்ரிச் சாறு மேஜையில் ஓடி, கீழே நின்ற மிஸ் ஆப்பர்மனின் வெள்ளைச் செருப்பில் சொட்டியது. கூட்டம் கரண்டியோடு மேடைக்குப் பாய்ந்தது.

மிஸ் ஆப்பர்மன் செருப்பைத் துடைத்துக்கொண்டே லியோட்டாவின் மறுபக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு பையும் ஒரே பூரணம்னு எனக்கு முதல் வாயிலயே தெரிஞ்சுபோச்சு, மிஸஸ் ஹார்ம்ஸ். உங்க பேர்களைப் பார்த்ததும் மிச்சமும் புரிஞ்சுபோச்சு."

லியோட்டாவுக்கு முகம் சிவந்தது. "அப்புறம் எனக்கு மட்டும் ஏன் தித்திப்பு அதிகம்னு எழுதினீங்க?"

"அட்டையில ரெண்டு வரி காலியா இருக்கு. பத்தொன்பது பை. எதையாவது எழுதி ரொப்பணுமில்லையா?"

"அப்ப ஒன்பது வருஷமா எனக்கு என்னதான் குறை?"

"ஓரம். முள்கரண்டியால அமுக்கி அமுக்கி அதை அப்பளமாக்கிடறீங்க. காய்ஞ்சு போகுது, சாறும் கசியுது. உங்க வீட்டுக்காரர் விரல் நல்லா தடிமனா வரப்பு கட்டியிருக்கு."

"இதை ஒரு தடவை எழுதியிருக்கலாமே!"

"எழுதினேன். முதல் வருஷம். என் கண் முன்னாலயே அந்த அட்டையைக் கிழிச்சு ஜாம் பாட்டிலுக்குப் பின்னால போட்டீங்க."

லியோட்டாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பது அவள் கழுத்தும் சிவந்ததைப் பார்த்தே தெரிந்தது.

"தெரிஞ்சுக்கிட்டே அவரை எதுக்கு மேடையேத்தினீங்க?"

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கப் பார்த்தீங்க. ஒருத்தருக்காவது வேர்க்க வேண்டாமா?"

லியோட்டா சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "சரி, ரிப்பனைத் திருப்பிக் குடுத்திடறோம்."

"அவர்கிட்டேருந்து வாங்கிக் காட்டுங்க பார்ப்போம்," என்றார் மிஸ் ஆப்பர்மன்.

மேடையில் வில்மர் பத்திரிகைக்காரருக்கு நெஞ்சை நிமிர்த்திப் போஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் ஹார்ம்ஸ் வீட்டிலிருந்து இரண்டு போட்டியாளர்கள். லியோட்டா முள்கரண்டியைத் தொடவில்லை. ஓரம் அமுக்க வில்மரைக் கூப்பிட்டாள். "எதிராளிக்கு விரல் தர முடியாது," என்று சொல்லிவிட்டார். தன் விரலாலேயே அமுக்கி நீல ரிப்பன் வாங்கினாள். வில்மருக்கு ஒன்றுமில்லை. "ஓரம் அருமை" என்று மட்டும் அவர் அட்டையில் இருந்தது. இரண்டாவது வரி காலி.

மூன்று வருஷம் தொடர்ந்து அவள்தான் முதல். நாலாவது வருஷம் பை போட்டியில் அவள் பெயரைக் காணோம். ஏன் என்று கேட்டேன்.

"ஜெயிச்சுக்கிட்டே இருந்தா திட்டறதுக்கு ஆள் கிடைக்க மாட்டேங்குது," என்றாள்.

வெள்ளரிக்காய் ஊறுகாய்ப் பிரிவுக்கு மாறியிருந்தாள். அங்கே அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. வீடு போய்ச் சேரும் வரை ஊறுகாய் நடுவருக்கு டிரக்கில் அர்ச்சனை நடந்ததாக வில்மர் மறுநாள் வந்து சொன்னார். சொல்லும்போது அவருக்கு ஒரே குஷி.