பிற்பகலில் எடை கூடிய தக்காளி

அந்தப் பெட்டியை முதன்முதலில் பார்த்த யாரும் அதைத் தக்காளி உலர்த்தும் கருவி என்று சொன்னதில்லை. ஓசூரில் பழைய இரும்பு வியாபாரம் செய்த பாய், தன் கடைத் தகரத்திலிருந்தே அது உருவாவதைக் கூட இருந்து பார்த்தவர், எல்லாம் முடிந்த பிறகு, "கோழிக்கூண்டுக்கு எதுக்கு சார் கண்ணாடி?" என்று கேட்டார். அதை ராயக்கோட்டைக்கு ஏற்றிச் சென்ற டெம்போ ஓட்டுநர், இதில் யாரைப் படுக்க வைப்பார்கள் என்று தயங்கித் தயங்கி விசாரித்தார். மேலே சாய்வாக ஒரு கண்ணாடி, உள்ளே கறுப்பு பூசிய தகரம், நடுவில் கம்பிவலைத் தட்டுகள், பின்னால் சூடான காற்று வெளியேற ஒரு குழாய். இதற்குள் தக்காளியை வைத்து மூடினால் வெயிலே அதைக் காயவைத்துவிடும் என்று மனதார நம்பிய ஒரே ஆள் எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறைத் தலைவர். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் ஆராய்ச்சியில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

எண்பதுகளின் பிற்பகுதி அது. ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக் கல்லூரிகளும் முளைத்தன. பல துறைகள் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சிக்குத்தான் இனி மதிப்பு என்று எங்கள் நிர்வாகத்துக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி விலை பாதாளத்துக்குப் போனது. பறிக்கும் கூலிகூடக் கட்டுப்படியாகாமல் விவசாயிகள் கூடை கூடையாகச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போக, எங்கள் தலைவர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடி யோசித்தார். பெட்டிக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பது இயற்பியல். பெட்டியைச் செய்வது பொறியியல். சாலையோரம் அழுகுவது குறைந்தால் சுற்றுச்சூழல். உலர்ந்ததை விற்றுவிட்டால் வணிகம். முதல் மூன்றையும் அவரே எடுத்துக்கொண்டார். வணிகவியல் துறையிலிருந்து ஒரு பெயர் தேவைப்பட்டபோது ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தவள் நான் மட்டும்தான்.

அவருக்கு இந்த ஆராய்ச்சி வெறும் ஆராய்ச்சி இல்லை. அவருடைய மாமனார் சற்று அவசரக்காரர். மாப்பிள்ளை ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதுமே கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று அச்சடித்து ஊத்தங்கரை வட்டாரம் முழுக்கக் கொடுத்துவிட்டார். அந்தக் கல்யாணத்தில் பிறந்த மகள் அப்போது அஞ்சாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பட்டம் மட்டும் வரவில்லை. முதலில் எடுத்த ஆய்வு ஏதோ காரணத்தால் நின்றுபோய், பதிவை நீட்டித்து, மறுபடியும் நீட்டித்து, இனி நீட்டிப்பு கிடையாது என்று பல்கலைக்கழகம் கறாராகச் சொல்லிவிட்டது. ஆடி முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் எல்லாம் முடிந்தது. மாமனார் ஊருக்குப் போனால், "வாங்க டாக்டர்" என்று கூப்பிடுவார்கள், இவர் முகம் சுண்டிப்போகும். அவர் மனைவி ஒருமுறை என்னிடம் சொன்னார்: "எங்க ஊர்த் திருவிழாவுக்கே இவரு வர்றதில்ல மேடம். பல்வலின்னு சொல்லிக்கிட்டு வீட்லயே கெடக்கறாரு."

கோடை விடுமுறையில் வேலை தொடங்கியது. ராயக்கோட்டைக்கு வெளியே, கோட்டை மலை தெரிகிற ஒரு தக்காளித் தோட்டத்தில் பெட்டியை இறக்கினோம். தோட்டக்காரர் அதிகம் பேசாதவர். அவர் மனைவிதான் அங்கே எல்லாம். வீட்டுக்குள் தெலுங்கு, பெங்களூரிலிருந்து லாரியில் வரும் வியாபாரிகளிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மூன்று மொழியிலும் விருந்துக்கு அழைப்பார். நாங்கள் காலை பஸ்ஸில் போய் இறங்குவோம். தலைவர் தக்காளியைப் பாதியாக நறுக்கித் தட்டில் பரப்பி, தூசி படாமல் கறுப்பு வலைத்துணியால் மூடி, தட்டோடு நிறுத்து எடை குறிப்பார். மதியம் ஒருமுறை நிறுப்பார். பிறகு அந்த அம்மா வீட்டில் சாப்பாடு. அதன் பிறகு நான் திண்ணையில் கண்ணயர, புங்க மரத்தடியில் தலைவர் கொஞ்ச நேரம் 'சிந்திப்பார்'. சிந்தனையின் சத்தம் கிணற்றடி வரை கேட்கும். எழுந்ததும் மறுபடி நிறுப்பார்.

மதியம் எடை குறைந்திருக்கும். அது சரி. சாயங்காலம் எடை கூடியிருக்கும்.

முதல் நாள் தராசின் மேல் சந்தேகப்பட்டார். மறுநாள் வேறு தராசு வந்தது. அதுவும் அதையேதான் சொன்னது. மூன்றாம் நாள் என் மேல் சந்தேகப்பட்டு, நான் தட்டுக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்றார். நான் சந்தோஷமாக ஒதுங்கிக்கொண்டேன். அப்போதும் கூடியது. கொளுத்தும் வெயிலில் கிடக்கும் தக்காளி பிற்பகலில் எடை கூடுகிறது. ஒரு வாரம் போனதும் அவர் முகத்தில் பயம் போய் வேறொரு களை வந்தது. ஏதோ பெரிய விஷயத்தின் வாலைப் பிடித்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கோட்டைப் பாறை காலையெல்லாம் சூடாகி, உச்சிப்பொழுது தாண்டியதும் ஈரக்காற்றைத் தோட்டத்தின் பக்கம் தள்ளுகிறது, அதைத் தக்காளி உறிஞ்சுகிறது என்று ஒரு விளக்கம் தயாரானது. அதற்குப் 'பிற்பகல் மீட்சி' என்று பெயரும் வைத்தார். "மேடம், இது உலகத்துல யாரும் பார்க்காதது" என்று பஸ்ஸில் என் காதருகே சொன்னார். பக்கத்தில் கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்த பெண்மணி எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

இதில் ஒன்றை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும். தட்டை மூடிய பிறகு அந்த மனிதர் ஒருநாள்கூடப் பழத்தைப் பார்த்ததில்லை. தராசு முள்ளை மட்டுமே பார்ப்பார். வலைத்துணியை விலக்கினால் காற்றின் ஈரம் மாறிவிடும் என்று அவரே ஒரு விதி போட்டிருந்தார். சாயங்காலம் நிறுத்து முடித்ததும் தட்டைக் காலி செய்வதும் அந்த அம்மாதான்.

என் பங்குக்கு நானும் ஆராய்ச்சி செய்தேன். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மளிகைக் கடை மளிகைக் கடையாக ஏறி, காய்ந்த தக்காளி வந்தால் வாங்கி விற்பீர்களா என்று கேட்டேன். ஒரு கடைக்காரர், "மொளகா காஞ்சா வத்தல். தக்காளி காஞ்சா குப்பை மேடம்" என்றார். மற்றவர்களும் இதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள். இந்தப் பொருளை மனிதர்கள் விரும்பிச் சாப்பிட மாட்டார்கள் என்று நான் ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். எழுதிய கையோடு தினமும் அந்த அம்மா வீட்டில் உட்கார்ந்து, கேழ்வரகுக் களிக்கும் சோற்றுக்கும் அவர் வைக்கும் தக்காளித் தொக்கை இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அப்படி ஒரு தொக்கை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. கெட்டியாக, புளிப்பும் இனிப்புமாக, நாக்கில் ஒட்டிக்கொள்ளும். தலைவர் ஊறுகாய் பாட்டிலில் வீட்டுக்கும் வாங்கிப் போனார்.

பிற்பகல் மீட்சியைப் பற்றிச் சென்னையிலிருந்த அவருடைய வழிகாட்டிப் பேராசிரியருக்குச் சொன்னதும், அவர் நேரில் பார்க்கக் கிளம்பி வந்துவிட்டார். ஒன்று இது பெரிய கண்டுபிடிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தன் மாணவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் என்னிடம் தனியாகச் சொன்னார். அன்று காலை எடையும் மதிய எடையும் அவர் கண்ணெதிரே எடுக்கப்பட்டன. எடை ஒழுங்காகக் குறைந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். பெரியவர் தொக்கை விட்டு நகரவே இல்லை. பிறகு அவரும் மாணவரோடு சேர்ந்து புங்க மரத்தடியில் சிந்தித்தார்.

சாயங்காலம் தட்டைத் தூக்கி வைத்ததும் தராசு தடாலென்று சாய்ந்தது. காலை எடையைவிடக் கூடுதல். தலைவர் பூரித்துப்போய் என்னைப் பார்த்தார். பெரியவர் தராசைப் பார்க்கவில்லை. யாரையும் கேட்காமல் வலைத்துணியை விலக்கினார். தட்டு முழுக்கப் பளபளவென்று முழுத் தக்காளி. நறுக்கக்கூட இல்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொட்டுக் குங்குமம்.

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெரியவர் சொன்னார், "காம்பு பச்சையா இருக்கே சார்."

அந்த அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தார். "தெனமும் வதங்கிப்போனத மட்டுந்தாங்க எடுத்துட்டு வேற அறுத்து வெப்பேன். இன்னிக்குப் பெரிய சார் வந்துக்கிறாரு, அதான் எல்லாத்தியும் மாத்திட்டேன்."

"எதுக்கும்மா மாத்தினீங்க?" தலைவரின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இன்னாங்க சார் இப்படிக் கேக்கறீங்க? நம்பிக் கொண்டாந்து எங்க தோட்டத்துல வெச்சிட்டுத் தூங்கறீங்க. எங்க எடத்துல உங்க பொருளு கெட்டுப்போச்சின்னா நாளைக்கு எந்த மொகத்த வெச்சிக்கினு உங்களப் பாக்கறது?"

"அப்போ வதங்கினதெல்லாம் எங்கேம்மா?" என்று பெரியவர் கேட்டார்.

"அத வீணாக்குவனா? நேத்து வரைக்கும் எடுத்தத தொக்கு போட்டேன். இப்பத்தான சாப்ட்டீங்கோ!"

ஒரு மாதமாக நாங்கள் எங்கள் ஆராய்ச்சியின் முடிவைத்தான் களிக்குத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. தலைவர் மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆடிக்கு அதிக நாளில்லை. கையில் இருந்த அளவுகளில் ஒன்றும் உதவாது. தோட்டக்காரர் விஷயம் புரிந்து மனைவியைத் தெலுங்கில் அதட்டத் தொடங்கினார். அந்த அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய், "டீச்சரம்மா, என்னால சாருக்குப் பட்டம் போச்சிங்களா?" என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவர் கிளம்பும்போது, கெடு மாறாது, அதற்குள் அளவுகளை மறுபடி எடுத்துக்கொடுத்தால் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடி எடுப்பதற்குள் தக்காளி விலை ஏறிவிட்டது. சாலையோரம் நாறிக்கிடந்த பழத்துக்கு இப்போது பெங்களூர் லாரிகள் தோட்டத்து வாசலிலேயே வந்து நின்றன. இந்த விலையில் காயவைத்துப் பாழாக்கப் பழம் கொடு என்று எந்த வாயால் கேட்பது? தலைவர் கேட்கவில்லை. பெட்டியை எடுத்துப்போக டெம்போ பேசிவிட்டு வந்திருந்தார். அந்த அம்மா லாரிக்குக் கட்டி வைத்த கூடைகளில் ஒன்றை இழுத்து அவர் முன்னால் வைத்து, "அறுங்க சார்" என்றார். "நானே காவலுக்கு உக்காந்துக்கறேன். யாரையும் தொட விடமாட்டேன்." அவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை என்று நான் சொல்லவில்லை.

அன்று முதல் தலைவர் சிந்திப்பதை விட்டுவிட்டார், வலைத்துணியையும்தான். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அந்த அம்மா, நடுவில் பெட்டி. அந்த அம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வார். காலையில் சும்மா இருப்பார். வெயில் ஏற ஏற, கண்ணாடி வழியே பழம் சுருங்கச் சுருங்க, உட்கார்ந்த இடத்தில் நெளிய ஆரம்பிப்பார்.

"சார், அந்த ஓரத்துது ரொம்ப வாடிப்போச்சுங்க. அத மட்டும் எடுத்துக்கட்டா?"

"வேண்டாம்மா."

"ஒண்ணே ஒண்ணு சார்."

"வேண்டாம்மா."

ஒருநாள் அவர் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்திருந்தார். கிட்டே போனேன். கண் கலங்கியிருந்தது. கண்ணாடி கூசுகிறது என்றார். கண்ணாடி அவருக்குப் பின்னால் இருந்தது. நல்ல விலை போகும் பழத்துக்காக அவர் அழவில்லை. தன் வீட்டில், தன் கண் முன்னால், ஒரு பொருள் வாடுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது அவருக்கு அத்தனை கஷ்டமாக இருந்தது. யாருக்காகவும் நான் அப்படி ஒரு கஷ்டத்தைப் பட்டதில்லை. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எடை குறைந்தது. காலை, மதியம், சாயங்காலம் என்று ஒழுங்காக, சொன்ன பேச்சுக் கேட்டுக் குறைந்தது. கோட்டைப் பாறையின் ஈரக்காற்று ஆய்வேட்டிலிருந்து சத்தமில்லாமல் விடைபெற்றது. நான் என் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு, இது தொக்காக வந்தால் மனிதர்கள் மூன்று முறை கேட்டு வாங்குவார்கள் என்று புதிதாக எழுதினேன். இன்று ஓசூர் நெடுஞ்சாலைக் கடைகளில் காய்ந்த தக்காளியை எண்ணெயில் ஊறவைத்துச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் விற்கிறார்கள். வாங்கிப் பார்த்தேன். தொக்குக்குக் கிட்டே நிற்காது.

பட்டம் வந்தது. மாமனார் பழைய பத்திரிகையையே மறுபடி ஊருக்குக் கொடுக்காத குறை. தலைவர் முதல் வேலையாக என்னையும் கூட்டிக்கொண்டு, பெங்களூரில் வாங்கிய ஒரு பெரிய கூடை ஆப்பிளோடு ராயக்கோட்டைக்குப் போனார். அந்த அம்மா கூடையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த நிமிடம் அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "வெச்சி வெச்சிச் சாப்பிடுங்கம்மா, அவசரமில்லே" என்று தலைவர் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. கூடை காலியாகும்வரை வெட்டினார். தாம்பாளம் நிறைய ஆப்பிள் துண்டுகளைக் குவித்துத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு தாம்பாளத்தைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். ஒரு வீடு விடாமல் நின்று, "எங்க சாரு பட்டம் வாங்கிக்கிறாரு" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். பழங்கள் உலர்வது பற்றிய ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றவர், புதுச் சட்டையில் வியர்த்துக்கொண்டு, தாம்பாளத்தோடு பின்னால் ஓடினார்.

அந்த அம்மா திரும்பிப் பார்த்து அதட்டினார்: "வெரசா வாங்க சார், வெட்டுன பழம் கறுத்துப்போவுது!"