ஒரே கொடி, ரெண்டு கரை

எங்கட வீடு எழுவான்கரையில, கடலுக்கும் வாவிக்கும் நடுவில கிடக்கிற மணல்ல. அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. எங்கட பக்கத்தில வீடு பொம்பிளைக்குத்தான், மாப்பிள்ளை வந்து குடியிருக்கிறது. என்ட மனுசனும் அப்பிடி வந்தவர்தான். வாவிக்கு அங்கால, படுவான்கரையில, வெல்லாவெளிப் பக்கம் அவருக்கு ஒரு மேட்டுக்காணி கிடக்கு. வயசு போய் வேலையால நிண்டதிலயிருந்து அவருக்கு அந்தக் காணியிலதான் கண்.

நத்தாருக்கு, யேசு பிறந்த நாளுக்கு, வைன் போடுற சனம் நாங்க. கடைப் பழத்தில போட்டுப் போட்டே காலம் போச்சு. இவர் சொந்தப் பழத்தில போட்டு பாசிக்குடா ஹோட்டலுகளுக்குக் குடுக்கப் போறாராம். யாழ்ப்பாணம் போய், ஒரே திராட்சைக் கொடியில வெட்டின தடியளைக் கட்டிக்கொண்டு வந்தார். பாதியை எங்கட வளவில நட்டார், பாதியை அங்கால நட்டார். மறுகா ஒரு நாள், சோறு போட்டுக் குடுக்கக்குள்ள சொல்றார், எந்தக் கரை வைன் நல்லா வருதோ அந்தக் கரையிலதான் இனி இருக்கிறதாம். அங்கால நல்லா வந்தா இந்த வீட்டை வித்துக் கொடியைப் பெருப்பிக்கிறதாம். சுனாமியில கடல் வந்து அள்ளினதுக்குப் பிறகு கல்லுக் கல்லா எழுப்பின வீடு இது. இன்னொருக்கா ஒரு இடத்தில அடுப்பு மூட்ட எனக்கு உடம்பில பலமில்ல.

மணல் தண்ணியை நிக்க விடாது. விடிய ஊத்தினா பின்னேரம் வேர் காய்ஞ்சு கிடக்கும். கோடையில கிணறு உவறாகி உப்புக் கரிக்கும், கடல்காத்து இலையின்ட ஓரத்தைக் கருக்கும். பழம் சின்னன், தோல் தடிப்பு. அங்கால செம்மண்ணும் கிறவல் கல்லும். அடியில ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். மேற்கால வாற கச்சான் காத்து அடுப்புக்குப் பக்கத்தில நிக்கிற மாதிரிச் சுடும், ஆனா பூஞ்சணம் அண்டாது. மாரி துவங்க முந்தியே குலை கறுத்துப் பழுத்திரும். ரெண்டையும் பாக்கப் பாலத்தால போய்ப் போய் வந்து எங்க ரெண்டு பேருக்கும் இடுப்பு நாரி விட்டுப்போச்சு.

ரெண்டு சாடியில போட்டம். சீனி ஒரே அளவு, ஈஸ்டும் ஒரே அளவு. வடிச்ச அண்டைக்கு ரெண்டு கிளாஸை எனக்கு முன்னால வச்சார். தனக்கு ருசி பிடிபடாதாம், நான் சொல்றதுதான் முடிவாம்.

மணல் பழத்து வைன் மெல்லிசு, புளி. கடைசியில ஒரு உப்பு நாக்கில நிண்டுது. மற்றது விழுங்கினாப் பிறகும் தொண்டையில இருந்துது, இனிப்பும் துவர்ப்புமா. பொய் சொல்லத்தான் வாயெடுத்தன். வரல்ல. அவ்வளவு நல்லா வந்திருந்துது, சனியன்.

"அங்கால பழத்துதான் நல்லம்," எண்டன். "ஆனா வீட்டை விக்க நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

சண்டைக்கு வருவார் எண்டு பாத்தன். வரல்ல. வீடு உன்ட, நீ வச்சிரு எண்டார். தான் விடிய எழும்பிப் பாலம் தாண்டிப் போய்ப் பொழுதுபட வாறதாச் சொன்னார். ஒவ்வொரு நாளும் அப்பிடித்தானா எண்டு கேட்டன். ஓம் எண்டார். பிறகு கதிரையில சாஞ்சு கண்ணை மூடினார். நித்திரையாக்கும் எண்டு நினைச்சு கிளாஸை எடுக்க எழும்பினன்.

"மணல்தான் நல்லமெண்டு நீ சொல்லியிருந்தா, இண்டைக்கே அங்கால உள்ள எல்லாத்தையும் விட்டிருப்பன் புள்ள," எண்டார், கண்ணைத் திறக்காமலே. "எனக்கும் உடம்பு ஏலாது."