தரிசில் என்னென்ன இருக்கிறது

மெல்போர்னில் எந்தக் கூட்டமானாலும் அந்த நிலத்தின் பூர்வகுடிகளுக்கு மரியாதை சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் எலக்ட்ரீஷியன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஏணியில் ஏறுவது எப்படி என்று ஒரு பாதுகாப்பு வகுப்பு. "இம்மண்ணின் மூத்தோரை வணங்குகிறோம், மறைந்தோரையும்" என்று வகுப்பெடுத்தவர் தலை குனிந்ததும், ஏணியிலிருந்து விழுந்து யாரோ செத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று எழுந்து நின்றுவிட்டேன். என்னைப் பார்த்து இன்னும் நாலு பேர் நின்றார்கள். அப்படியானால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களா என்று இடைவேளையில் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன். அவர் இன்னொரு டீ எடுக்கப் போய்விட்டார்.

எங்கள் தெருக்கோடியில் ஓர் ஓடை இருக்கிறது. அதில் பாதியை மூடி கார் நிறுத்தப்போவதாகப் பேச்சு வந்தபோது, பக்கத்து வீட்டு மார்கரெட் நூலகத்தில் கவிதைக் கூட்டம் ஏற்பாடு செய்தார். என்னையும் கூப்பிட்டார்.

"உங்கள் நிலத்தைப் பற்றி ஒரு கவிதை வாசியுங்கள்."

"எங்களுக்கு நிலமே இல்லையே."

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பிரிட்டிஷ்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்களா? மன்னியுங்கள்."

பிடுங்குவதற்கே ஒன்றும் இருந்ததில்லை, அப்பா கூலிக்கு உழுததெல்லாம் உள்ளூர்க்காரர் நிலம் என்று விளக்கினேன். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் மன்னிப்பைத் திரும்பப் பெறவில்லை.

அதே வாரம் அரியலூர்ப் பக்கத்திலிருந்து மல்லிகா அக்கா கூப்பிட்டாள். ஊருக்கு மேற்கே அவள் ஆடு மேய்க்கும் தரிசு வரைக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கம் வரப்போகிறதாம். கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்திருக்கிறார்கள்.

"காலேஜ்ல கவிதை எழுதி கப்பு வாங்குனவன்தானே நீ, ஒண்ணு எழுதிக் குடுடா. மனு குடுத்தா வாங்கி அடுக்கி வச்சிர்றாங்க. வாசிச்சா கேட்டுத்தானே ஆவணும்."

வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கில், வரி தராத நிலமெல்லாம் தரிசு. அந்த ஒரு சொல்லை இன்றைக்கும் அழிக்காமல் வைத்திருக்கிறோம். நான் வந்து சேர்ந்த நாட்டிலும், கப்பலில் வந்து இறங்கியவர்கள் இங்கே யாருமே இல்லை என்றுதான் எழுதிக்கொண்டார்களாம். எழுத்தில் கெட்டிக்காரர்கள். இதையெல்லாம் நினைத்து, எங்கள் பக்கம் கோடி வருஷங்களுக்கு முன்னால் கடலடியாக இருந்ததையும் சேர்த்துக்கொண்டு, ஆவேசமாக, "கடல் உறங்கும் மண்ணே, தாயே" என்று தொடங்கி நாற்பது வரி எழுதி, போனில் வாசித்துக் குரல்பதிவாக அனுப்பினேன்.

அக்கா உடனே கூப்பிட்டாள். "கடலு எங்கடா கெடக்கு நம்மூர்ல? தாயி தாயின்னு பதினோரு தடவ வருது. ஆட்டப் பத்தி ஒரு வார்த்த இல்லையே! தரிசுன்னு எழுதிருக்கான்ல, அதுல என்னென்ன இருக்குன்னு எழுது."

அவளே சொல்லச் சொல்ல எழுதினேன். கொழுக்கட்டைப் புல்லு, சூரைமுள்ளு, துத்தி, கிளாக்கா. ஓடைக்கரையில காடை முட்டை. மழ நின்னும் ஒரு மாசம் தண்ணி நிக்கிற குட்டை. குட்டைக்குக் கெழக்க எங்கம்மா.

அம்மாவை அங்கேதான் புதைத்திருக்கிறோம். எங்களுக்கு வேறு இடமில்லை. அந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். அந்தக் கப்பை எனக்குக் கொடுத்தவர்களை நினைத்து வெட்கமாக இருந்தது.

கூட்டத்தில் அவள் வாசித்ததை யாரோ எடுத்து அனுப்பிய வீடியோவில் பார்த்தேன். அதிகாரி கேட்டார்: "என்னம்மா இது, மனுவா, கவிதையா?"

"எதுக்கு சீல் குத்துவீங்களோ அதுவா வச்சுக்குங்க சார்."

சிரித்துவிட்டு சீல் குத்தினார்.

நூலகத்திலும் அதைத்தான் ஆங்கிலத்தில் வாசித்தேன். மார்கரெட் அழுதார். முன்வரிசையில் ஒருவர் கை தூக்கினார். "ஆடுகளா? இங்கே அவை இயற்கைக்குக் கேடு. ஒழித்துக் கட்டத்தான் பாடுபடுகிறோம்." அக்காவிடம் சொன்னேன். "அவர இங்க அனுப்பு, அவரு கையால ஒரு குட்டியப் புடிச்சுப் பாக்கட்டும்" என்றாள்.

கடைசியில் இங்கே ஓடை முழுசாகத் தப்பியது. அங்கே குட்டையும் அம்மாவும் இருக்கும் பாதி தப்பியது. மறுபாதிக்கு வேலி போட்டுவிட்டார்கள். பாதி ஜெயித்துவிட்டோமே என்றேன். "ஆட்டுக்குப் பாதி வயிறுன்னு ஒண்ணு இருக்காடா?" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரையில் மரம் நடும் விழா. இந்த மண்ணுக்கே உரிய மரம் என்று சொல்லி மார்கரெட் ஒரு கன்றைக் கையில் கொடுத்தார். இலையைக் கசக்கி முகர்ந்தேன். தைலமரம். அந்த நேரம் பார்த்து அக்கா வீடியோவில் வந்தாள். அவளும் நாலு பெண்களும் கடப்பாரையோடு குட்டைக்கரையில் நின்றார்கள். எந்தக் காலத்திலோ யாரோ தரிசில் நட்டு, குட்டைத் தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்த்த தைலமரங்களின் கட்டைகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"சனியன், எந்த ஊர்லேருந்துதான் வந்துச்சோ! வேரு விடவே மாட்டேங்குதுடா. நீ என்ன பண்ற, கையெல்லாம் மண்ணு?"

"ஒரு செடி நடுறேங்க்கா."

"என்ன செடி?"

கன்று தெரியாதபடி போனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அதைச் சுற்றி மண்ணை அழுத்தினேன்.