சீதாராம் பஜாரில் மூடாமல் போன முற்றம்

மே மாதம், காலை 9.40. முனிர்கா நிலையத்தில் மெட்ரோ ஏறினேன். ஹவுஸ் காஸில் மாறி சாவ்ரி பஜார் போக நாற்பத்து மூன்று ரூபாய். கட்டடங்களில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. ஆனால் இன்று போனது சொந்தக் கோபத்தில். பழைய தில்லிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் பாளையங்கோட்டைத் தோழி செல்வி முதல் நாள் போனில் சொல்லியிருந்தாள்: "நாளைக்கு முத்தத்த ஷீட் போட்டு மூடுதாவ. நீ வாட்டி."

10.35. சீதாராம் பஜாருக்கு இ-ரிக்‌ஷாவில் இருபது ரூபாய். முன்னால் ஒரு கைவண்டி ஃபைபர் ஷீட்டுகளோடு குறுகலான தெருவையே அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. அது செல்வி வீட்டு வாசலிலேயே போய் நின்றது.

நூறு வயது தாண்டிய வீடு. செங்கல்லும் சுண்ணாம்புமாக இரண்டடிச் சுவர், நடுவே வானம் பார்த்த முற்றம். போன வருடம் காண்ட்ராக்டர் தினேஷ் முன்னறைக்கு சிமென்ட் பூசி, பொய்க்கூரை போட்டு, ஏசி மாட்டினார். மின்சாரம் மிச்சமாகும் என்றார். சிமென்ட்டுக்குள் ஈரம் சிக்கி, சுவரில் ஓதம் ஏறியதுதான் கண்ட பலன். முற்றத்தையும் மூடினால் பின்னறைகளில் காற்று நின்றுபோகும், அங்கேயும் ஏசி வரும். செல்வியின் கணவருடைய அண்ணன் சம்மதித்துவிட்டாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செல்வி முற்றத்தின் நடுவில் நாற்காலி போட்டு, லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"பாபிஜி, ஜல்தி எழுந்திருங்க" என்றார் தினேஷ் இந்தியில்.

"ஒரு மணி வரைக்கும் பொறுங்க தினேஷ்ஜி" என்று அவளும் இந்தியில் சொன்னாள். எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். மின்விசிறி, ஏசி எல்லாம் நின்றன. "கரண்டு இல்லாம எந்த ரூம் தாங்குதுன்னு பாத்துருவோம்ட்டி" என்றாள் என்னிடம்.

நான் முன்னறை, பின்னறை இரண்டிலும் வெப்பமானி வைத்தேன். மெஷின் எதை வேண்டுமானாலும் காட்டும் என்றார் தினேஷ்.

1.10. சாப்பாட்டு நேரம். தினேஷும் வேலையாட்கள் இருவரும் டிபன் டப்பாக்களை எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே வெக்கையான முன்னறையைக் கடந்து, பழையபடியே இருந்த பின்னறையில் போய்ச் சம்மணம் போட்டார்கள். செல்வி கணவரின் அண்ணன் ஏற்கெனவே செய்தித்தாளோடு அங்கேதான் இருந்தார்.

செல்வி நிலைப்படியில் நின்று கேட்டாள். "தினேஷ்ஜி, நீங்க புதுசாக்கின அறை அங்க இருக்கு. இங்க ஏன் சாப்பிடறீங்க?"

தினேஷ் ரொட்டியை மென்றுகொண்டே இருந்தார். அண்ணன் செய்தித்தாளை மடித்தார். "அச்சா தினேஷ், ஷீட்டைத் திருப்பி அனுப்பிடு."

பழையது என்பதால் எல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். மொட்டைமாடி கொதித்தது, ஜன்னல் இடுக்கெல்லாம் அனல். மாடித் தளத்துக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு, இடுக்குகளுக்கு அடைப்பு, குளிர்காலத்தில் முற்றத்துக்கு இழுத்து மூடும் படுதா, முன்னறைக்கு மறுபடி சுண்ணாம்பு. அண்ணன் எதிரிலேயே எழுதிக் கொடுத்தேன்.

4.00. திரும்பும்போது அதே ஷீட் வண்டி தெருவை அடைத்துக்கொண்டு முன்னால் போனது. இந்த முறை எனக்கு அவசரமே இல்லை.

முனிர்காவில் என் வாடகை வீட்டில் ஏசியை அணைத்துவிட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிடம் தாங்கவில்லை. இனி யாராவது வீட்டைப் புதுப்பித்துத் தருகிறேன் என்று என்னிடம் வந்தால், முதலில் மெயின் சுவிட்சை அணைப்பேன். அப்புறம் அவர் கட்டிய அறையிலேயே அவருக்கு இலை போடுவேன்.